கால் புதையாத கல்

அந்த மனிதரை முதன்முதலில் நான் தலைகீழாகத்தான் பார்த்தேன். நிலத்தின் உயரம் அளக்கும் அந்நாளைய மட்டக்கருவியின் தொலைநோக்கிக்குள் உலகம் கவிழ்ந்து தெரியும். வானம் கீழே, வயல் மேலே. நடுவில் பதினான்கு அடி உயர அளவுகோலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, கால் மேலும் தலை கீழுமாக ஒருவர் நிற்பார். கோலில் எழுதிய எண்களும் கவிழ்ந்தே தெரியும். இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பழகிவிட்டது. பழகிய கண்ணை வைத்துக்கொண்டு அவரை எவ்வளவு தவறாகப் பார்த்தேன் என்பதை எழுத இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் பொறியியல் முடித்த கையோடு ஒரு பெரிய ஆலோசனைக் கம்பெனியின் பெங்களூர்க் கிளையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தலைமை அலுவலகம் கல்கத்தாவில். அந்தக் கம்பெனி தன் கையால் ஒரு செங்கல்லையும் எடுத்து வைப்பதில்லை. அணை வேண்டும் என்பவர்க்கும், பாலம் வேண்டும் என்பவர்க்கும், ஆலை கட்ட நினைப்பவர்க்கும் எங்கே, எவ்வளவு, எப்படி என்று சொல்லித் தருவதுதான் அதன் தொழில். சொல்லை விற்கும் இடமாதலால் சொல்லில் பிழை வந்துவிடுமோ என்ற அச்சம் அங்கே சுவர்களிலும் ஊறியிருந்தது. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார். சரிபார்த்தவரை மூன்றாமவர் சரிபார்ப்பார். அளந்த உயரங்களைக் களத்தில் எழுதும் லெவல் புத்தகத்தில் மையால்தான் எழுதவேண்டும். அழிப்பான் வைத்திருப்பதே குற்றம். பிழையானால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். பிற இடங்களில் குணக்கேடு என்று எண்ணப்படும் சந்தேகம் எங்களுக்கு வேலைமுறையாகவே இருந்தது.

அந்த முறை என்மீதும் செலுத்தப்பட்டது. கிளையின் தலைமைப் பொறியாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முதல் நாளே என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கல்யாணம் எப்போ?"

"இன்னும் ஒண்ணும் இல்லை, சார்."

"நிச்சயமானா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுங்கோ. வேற ஆள் தேடணும்."

ஆறு மாதத் தகுதிகாண் பருவம். அதற்குள் குறையொன்றும் நேராவிட்டால் வேலை உறுதி. முதல் மூன்று மாதங்கள் வரைகூடத்தில் மெழுகுத் துணியின்மேல் பிறர் வரைந்த கோடுகளை நகல் எடுத்தேன். நான்காம் மாதம், களத்துக்குப் போகவேண்டியவருக்கு மஞ்சள் காமாலை வந்ததால், வேறு வழியின்றி என்னை அனுப்பினார்கள். புறப்படும்போது தலைமைப் பொறியாளர் சொன்னார்:

"ஊர்க்காரன் சொல்றதை நம்பாதீங்கோ. நிலம் போறதுன்னா மனுஷன் எதுவும் சொல்லுவான். லெவல் புக்கை நம்புங்கோ. அதுக்கு நிலமும் கிடையாது, புலமும் கிடையாது."

அந்த அறிவுரையைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் மைசூர் எல்லையை ஒட்டிய மத்திகிரியில் இறங்கினேன்.

கால்நடைப் பண்ணையின் எழுத்தர் ஒருவர் வீட்டுப் பின்னறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. விடியும்போது பண்ணைக் காளைகளின் செருமல் சுவரைத் தாண்டி வரும். எழுத்தரின் மனைவி நல்லவர். ஆனால் ஜீப்பில் ஏறிப் போய், வெயிலில் கறுத்துத் திரும்பும் ஒரு பெண்ணை எந்த வகையில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "ரசம் வெக்கத் தெரியுமா?" என்று ஒரு நாள் திடீரென்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றிரவு அவர் வீட்டு அடுப்பில் என்னை ரசம் வைக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

வேலை எளிமையானது. மத்திகிரிக்கும் கெலமங்கலத்துக்கும் இடையே ஓடும் ஒரு சிற்றோடையைத் தடுத்துச் சிறிய அணை ஒன்று கட்டலாமா என்று எங்கள் கம்பெனியிடம் கேட்டிருந்தார்கள். தை மாதத்தில் தலைமைப் பொறியாளரே ஒரு குழுவோடு வந்து முதல் அளவை முடித்துவிட்டார். அணை நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கும் என்ற கோட்டைத் தரையில் முளை அடித்துக் காட்டுவது என் பொறுப்பு. முளைக்கு உள்ளே இருப்பது மூழ்கும். வெளியே இருப்பது பிழைக்கும்.

உயரத்தை அளக்க, உயரம் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்கவேண்டும். அசையாத, தேயாத ஓர் இடம். அரசாங்கம் வைத்த அத்தகைய குறி ஒன்று நெடுஞ்சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இருந்தது. ஆனால் அது ஓடையிலிருந்து இரண்டு மைல். ஆகவே தலைமைப் பொறியாளர் அங்கிருந்து அளந்து வந்து, வயலோரம் நின்ற ஒரு நடுகல்லின் உச்சியில் சிவப்பு வண்ணத்தால் சிலுவைக் குறி போட்டு, அதன் உயரத்தைப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். என் இடுப்பளவு உயரமுள்ள பழைய கல். வாள் ஏந்திய ஒருவன், அவன் பின்னால் இரண்டு மாடுகள், எல்லாம் மழையில் மழுங்கியவை. சுற்றுவட்டாரத்தில் அதைவிட உறுதியான பொருள் கண்ணில் படவில்லை. நானும் அங்கிருந்தே தொடங்கினேன்.

கோல் பிடிப்பவர் உள்ளூர்க்காரர். முப்பது வயதிருக்கும். ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாக நிலக்காரர் வீட்டு வயலில் பாடுபட்ட குடும்பம். தை மாதத்துக் குழு அவரைத் தினக்கூலிக்குச் சேர்த்து, ஒரு காக்கிச் சட்டையும் கொடுத்து, இந்த வேலை நல்லபடி முடிந்தால் கம்பெனியிலேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்தச் சட்டையை அவர் அணிந்த விதத்தில் அந்த வாக்குறுதி தெரிந்தது. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார், எந்த வெயிலிலும்.

என்னோடு தமிழில் பேசுவார். நிலக்காரரோடு தெலுங்கில். வண்டிக்காரர்களோடு கன்னடத்தில். மூன்றில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அவர் திரும்பி நிலக்காரரிடம் வேறு மொழியில் இரண்டு வாக்கியம் சொல்லும்போது, அந்த இரண்டாவது வாக்கியத்தில் நான் இருப்பதாகத் தோன்றும்.

நிலக்காரர் ஐம்பது வயதுக்காரர். கையில் ஒரு தார்க்குச்சி, வாயில் எப்போதும் ஒரு குத்தல். ஓடையோரத்து நிலத்தில் பெரும்பகுதி அவருடையது. முதல் நாளே வரப்பில் வந்து நின்றுகொண்டார்.

"எந்தூரும்மா உனக்கு?"

"திருச்சிப் பக்கங்க."

"அவ்ளோ தொலைவுலேர்ந்து பொம்பளய அனுப்பிச்சிருக்காங்க. ஆம்பளைங்க எல்லாம் என்னா, வெல பேசிட்டாங்களா?"

கோல் பிடிப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, அம்மா பெரிய படிப்புங்க."

"படிக்கட்டும்டா, வேணாங்கல. நான் கேக்கறது வேற. ஊருல பேசிக்கிறாங்க, எல்லைய மாத்தறாங்கன்னு. இந்தப் பொட்டிய வெச்சி அளந்து, நாளைக்கி நான் எந்திரிக்கறப்ப மைசூர்க்காரனா எந்திரிப்பனா?"

"இது அணைக்கு அளக்கறதுங்க. எல்லைக்கு இல்லை" என்றேன்.

"ஆங். அணைக்குன்னா சும்மாவா. எல்லைய மாத்துனா ஊரு மாறும், நெலம் இருக்கும். நீ அளந்தா ஊரு இருக்கும், நெலம் போவும்."

மாநிலங்களைப் பிரிக்கும் பேச்சு எங்கும் அடிபட்ட காலம் அது. யார் அளவுகோலோடு வந்தாலும் ஊர் வரப்பில் கூடிவிடும். அவர்கள் சந்தேகம் எனக்குப் புரிந்தது. அதனாலேயே அவர்களை நான் சந்தேகித்தேன். இழக்க இருப்பவர் ஏமாற்றப் பார்ப்பார் என்பது எனக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம்.

மூன்று நாளில் முளைகள் மேட்டு நிலத்தில் ஏறின. நிலக்காரர் அங்கே வந்து ஒரு முளையைக் குச்சியால் தட்டினார்.

"இங்க தண்ணி வராதும்மா."

"கணக்குப்படி வரும்ங்க."

"என் கண்ணு முன்னால ரெண்டு பெருவெள்ளம் போயிருக்குது. தோ, அந்தப் புங்க மரத்தத் தாண்டி ஒரு சொட்டு ஏறல. உன் கணக்குல மட்டும் தண்ணி மேடேறுமா?"

அவர் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தேன். நிலம் போகிறவரின் பேச்சு என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்தேன்.

மறுநாள் காலை ஏழு முளைகளைக் காணவில்லை.

அன்றே வேறொன்றும் நடந்தது. எந்த அளவையையும், உயரம் தெரிந்த இன்னொரு இடத்தில் கொண்டுபோய் முடித்துச் சரிபார்க்க வேண்டும். நடுகல்லில் தொடங்கிய அளவையை இரண்டு மைல் நடந்து நெடுஞ்சாலைப் பாலத்தில் முடித்தேன். கூட்டிக் கழித்தபோது பாலத்தின் உயரம் அரசாங்கக் குறியோடு ஒத்துவரவில்லை. ஏறத்தாழ அரையடி வித்தியாசம். ஓர் அடியில் நூறில் இரண்டு மூன்று பங்கு பிசகினாலே தலைகுனிய வேண்டிய வேலையில் அரையடி. மீண்டும் அளந்தேன். மீண்டும் அரையடி. தட்டையான அந்த நிலத்தில் உயரத்தில் அரையடி என்பது தரையில் இரண்டு ஏக்கர். தகுதிகாண் பருவத்தில் மிஞ்சியிருந்த இரண்டு மாதங்களும் என் கண்முன் நின்றன. பிழை என்னுடையதாக இருக்கக்கூடாது என்று விரும்பினேன். விரும்பியவுடன் வேறு ஒருவருடையதாகத் தோன்றத் தொடங்கியது.

மறுநாள் நண்பகலில் ஜீப்பிலிருந்து புத்தகம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, நிலக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு வெளியே கோல் பிடிப்பவர் குந்தி அமர்ந்து உண்பதைக் கண்டேன். தைத்த இலையில் கேழ்வரகுக் களி உருண்டை, பள்ளம் செய்து ஊற்றிய அவரைக்கொட்டைக் குழம்பு. எதிரே நிலக்காரர் நின்று தெலுங்கில் ஏதோ கேட்க, அவர் பதில் சொல்ல, இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

அந்த நின்ற சிரிப்புதான் எனக்குச் சாட்சி. காணாமற்போன முளைகள், ஒத்துவராத அரையடி, நிலக்காரர் வீட்டுச் சோறு, எனக்குப் புரியாத மொழி. கோலின் அடியில் ஒரு சில்லை வைத்துப் பிடித்தால் போதும், அளவு பொய்யாகிவிடும். இருநூறு அடி தொலைவில் அவர் பாதத்தருகே என்ன இருக்கிறது என்பதை, கவிழ்ந்த உலகத்தில் புல்லுக்கு நடுவே, நான் எப்படிக் காண்பேன்? அன்று மாலையே தலைமைப் பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன். "கோல் பிடிப்பவர்மீது எனக்கு ஐயம் உண்டு" என்ற வரியை நல்ல கையெழுத்தில் எழுதியது நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அவரை நிறுத்திவிடவும், பெங்களூரிலிருந்து ஆள் வருகிறது.

பொழுது சாயும் வேளையில், அவர் கோலை மடித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"நாளைலேருந்து வர வேண்டாம்."

"நாளைக்கி லீவுங்களா?"

"இல்லை. இனிமே வர வேண்டாம். கம்பெனி உத்தரவு."

துடைத்த கை நின்றது. "நா எதுனா தப்பு பண்ணிட்டனுங்களாம்மா?"

"லெவல் ஒத்து வரலை."

"அது வராததுக்கு நா என்னாங்க பண்ணுவன்? நில்லுன்னீங்க, நின்னன். நடன்னீங்க, நடந்தன்." என் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, மேற்கொண்டு வாதாடவில்லை. "சட்டயக் குடுத்துடணுங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஆனால் மறுநாள் காலை ஜீப் ஓட்டுநரிடம் அந்தக் காக்கிச் சட்டை வந்து சேர்ந்தது. துவைத்து, நான்காக மடித்து, வாழைநாரால் கட்டியிருந்தது.

பெங்களூர்க்காரர் வந்தார். அனுபவசாலி, உள்ளூர்ச் சோற்றைத் தொடமாட்டார், உள்ளூர் மொழி எதுவும் பேசமாட்டார். அவரை வைத்துக்கொண்டு நடுகல்லிலிருந்து பாலம்வரை திரும்ப அளந்தேன். முடிவில் கூட்டிக் கழித்தேன்.

அதே அரையடி.

பாலத்தடியில் ஒரு கல்லின்மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆள் மாறியும் பிழை மாறவில்லை என்றால் பிழை அந்த ஆளிடம் இல்லை. அதுகூட எனக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது, பத்து நாட்களாக என் கையெழுத்திலேயே புத்தகத்தில் கிடந்த ஒரு செய்தி. வித்தியாசம் எவ்வளவு என்பதை மட்டுமே பார்த்திருந்தேன். எந்தப் பக்கம் என்பதைப் பார்க்கவேயில்லை.

கோலின் அடியில் சில்லு வைத்து ஏமாற்றினால், நிலம் உண்மையில் இருப்பதைவிட உயரமாகக் கணக்கில் ஏறும். உயர்ந்த நிலம் தண்ணீருக்குத் தப்பும். அதுதான் நிலக்காரருக்கு ஆதாயம். என் புத்தகத்தில் இருந்ததோ நேர்மாறு. எல்லா நிலமும் அரையடி தாழ்வாக எழுதப்பட்டிருந்தது. அதனால் தண்ணீர்க்கோடு வீணாக மேட்டில் ஏறியிருந்தது. என் முளைகள் மூழ்காத இரண்டு ஏக்கரை மூழ்கும் என்று காட்டின. தன் நிலத்தைத் தானே மூழ்கடிக்க யார் கைக்கூலி கொடுப்பார்? புங்க மரத்தைத் தாண்டித் தண்ணீர் ஏறாது என்று சொன்னாரே, அது சுயநலப் பேச்சு மட்டும் இல்லை, சரியான அளவும்கூட. முதலாண்டு மாணவனும் கண்டுகொள்ளும் இதை நான் காணாததற்குக் காரணம், குற்றவாளி முன்பே கிடைத்துவிட்டதுதான்.

பாலம் சரி, கருவி சரி, ஆள் சரி. எஞ்சியது தொடங்கிய இடம்.

நடுகல்லின் முன் போய் மண்டியிட்டேன். உச்சியில் சிவப்புக் குறி புத்தம் புதிதுபோல் இருந்தது. கீழே, தரையை ஒட்டி, கல்லைச் சுற்றிலும் ஒரு பட்டை வேறு நிறமாக இருந்தது. மேலே மஞ்சள் ஏறிய கருங்கல். அந்தப் பட்டையில் மட்டும் செம்மண் கறை. நெடுநாள் மண்ணுக்குள் கிடந்த கறை. அந்தப் பட்டைக்குள் வீரனின் பாதங்கள் இருந்தன. என் அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். அரையடிக்குச் சற்றுக் குறைவு.

"இன்னாம்மா, கும்புடறியா?" பின்னால் நிலக்காரரின் குரல்.

எழுந்தேன். "இந்தக் கல்லை யாராவது எடுத்தாங்களா?"

"எடுக்காம? மூணு வருசத்துக்கு ஒருக்கா தூக்கி நடறதுதான். ஈர மண்ணு, கீழ எறங்கிடும். இந்த வருசம் கோட மழ வுட்டதும், வைகாசில நட்டாங்க."

"யாரு?"

"யாரா? நீ தொரத்துனியே, அவன்தான். அவனும் அவன் பங்காளிங்களும். அவங்க பாட்டன் பூட்டன் கல்லு இது. எங்கூட்டு மாட்ட வெளியூரு கும்பலு ஓட்டிட்டுப் போறப்ப, ஒத்த ஆளா நின்னு மடக்கிச் செத்தவன். கல்லு நிக்கறது என் நெலத்துல, சாமி அவங்க சாமி." குச்சியால் அந்தப் பட்டையைச் சுட்டினார். "காலு மண்ணுல பொதையக் கூடாது. பொதைஞ்சா நகர முடியாது பாரு, அப்புறம் மாட்ட எப்டிக் காப்பான்? அதுக்கோசரம் தூக்கி நடறது."

குனிந்து அந்தப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"பாலு ஊத்தி, மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவறப்போ, உங்க செகப்பு மைய வாழ எலையால மூடிக் கட்டிட்டான். எதுக்குடான்னேன். 'கம்பெனி குறிங்க ஐயா, அழிஞ்சிட்டா அவங்களுக்குக் கஷ்டம்'னான்."

அரையடி உயர்த்திய கையே அந்தக் குறியை இலையால் மூடிக் காத்திருந்தது. உச்சியிலிருந்த சிவப்புக் குறியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னைக்கு உங்க வீட்டுல அவர் சாப்பிட்டாரே..."

"அமாவாசடி, தாயே. அமாவாசைக்கு அமாவாச கல்லுக்கு வெளக்கு வெக்கறவனுக்கு எங்கூட்டுக் களி. எங்க அப்பன் காலத்து மொற." குச்சியால் தரையைத் தட்டினார். "வெளியதான் ஒக்காந்து திம்பான். அதும் மொறதான்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டீங்க."

"உன்னப் பத்திப் பேசிட்டு உன் மூஞ்சிக்கு நேரா எப்டி சிரிக்கறது? பொட்டிக்குள்ள மனுசன் தலகீழாத் தெரிவானாமே? நானும் அப்டித்தான் தெரிவனாடான்னு கேட்டேன். 'அம்மா கண்ணுக்கு ஊரே தலகீழுதான் ஐயா, ஒங்களுக்கு மட்டும் தனியாவா'ன்னான்." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "மொளையப் புடுங்குனது நானு. ஏழு மொள. என் கையாலதான். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பன். அதுக்கு அவன் வேலய ஏன் கெடுத்த?"

அன்று மாலை பின்னறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். முதல் படியில், "தொடக்கக் குறி இடம்பெயர்ந்திருப்பது தெரியவந்தது" என்று எழுதி, பாலத்திலிருந்து புதிதாக அளக்க அனுமதி கேட்டேன். பொய் ஒன்றும் அதில் இல்லை. அந்த மனிதரும் அதில் இல்லை. அப்படியே அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். என் இரண்டு மாதங்களும் பத்திரமாகக் கழிந்திருக்கும். அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவர் தலைமைப் பொறியாளரே என்பதையும் நான் எழுதவேண்டியிருந்திருக்காது. எங்கள் கம்பெனியில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் தேர்வைப் பிழை என்று எழுதுவது வழக்கமில்லை; அதிலும் உறுதியாகாத வேலையில் இருக்கும் ஒரு பெண்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். வழிபாட்டில் இருக்கும் கல் அது, மூன்றாண்டுக்கு ஒருமுறை உயர்த்தி நடப்படுகிறது, குறியாகக் கொள்ளத் தகுதியற்றது. இதை ஊரில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. பிழை எந்தத் திசையில் என்று பாராமலே நான் ஒருவரைக் குற்றம் சாட்டினேன். என் முந்தைய கடிதத்தின் ஐயம் ஆதாரமற்றது. அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பதில் கடிதமாக வரவில்லை. ஐந்தாம் நாள் தலைமைப் பொறியாளரே ஜீப்பில் வந்து இறங்கினார். நேரே கல்லிடம் போனார். தன் சட்டைப்பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து அந்தப் பட்டையை அளந்தார். என் அளவை நம்பாமல்தான் அளந்தார். அது அவர் இயல்பு.

"உறுதியான கல்லு. இது நகரும்னு யார் நினைப்பா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க, சார்."

நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "உங்க லெட்டர்ல ரெண்டு பேரோட தப்பு இருக்கு. உங்களோடது, என்னோடது. என்னோடதுக்கு கல்கத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். உங்களோடதுக்கு இன்னும் மூணு மாசம் தகுதிகாண் பருவம் நீட்டறேன்." ஜீப்பில் ஏறி அமர்ந்த பிறகு சொன்னார்: "ஆளைக் கூப்பிடுங்கோ. வேலை நிக்கறது."

அவரைத் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்கு மறுபுறம், கால்நடைப் பண்ணையில், தினக்கூலிக்குத் தீவனம் சுமந்துகொண்டிருந்தார். இத்தனை நாளும் ஒரு சுவருக்கு அப்பால் இருந்திருக்கிறார். சோளத்தட்டைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, வெற்றுடம்பில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி வந்தார். வாயிலில் நின்ற காளை ஒன்றைக் கன்னடத்தில் அதட்டி ஒதுக்கினார்.

"தப்பு என்னோடது. உங்களைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றேன். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சொற்கள்; அங்கே சொன்னபோது அளவில் சிறுத்துப்போயின.

"கல்லத் தூக்குனது நாந்தானுங்களே. ஐயா சொன்னாரு, அதாலதான் கணக்கு கெட்டுச்சின்னு. அப்ப தப்பு என்னுதுதானுங்களே?"

"தூக்கினதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் உண்மையிலேயே வியப்போடு என்னைப் பார்த்தார். "அதே எடத்துலதானுங்களேம்மா நட்டோம்? இப்டி அப்டி ஒரு வெரக்கட நவுத்தலியே. நீங்க எங்க, எவ்ளோ தூரம்னு அளக்கறீங்கன்னு நெனச்சன். ஒசரத்த அளக்கறீங்கன்னு எனக்கு யாரு சொன்னாங்க? நீங்க நம்பரு எழுதுவீங்க. நான் கோலு புடிப்பன். அவ்ளோதானுங்களே."

தை மாதத்திலிருந்தே கோல் பிடித்தவருக்கு அந்தக் கோல் எதை அளக்கிறது என்று எங்களில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஊர்க்காரன் சொல்வதை நம்பாதே என்று எனக்குச் சொன்னார்கள். ஊர்க்காரரிடம் சொல்லவும் செய் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பண்ணை வாயிலில், தரையில் குச்சியால் கோடு கிழித்து, மட்டம் என்றால் என்ன, கல் உயர்ந்தால் கணக்கு ஏன் தாழ்கிறது என்று சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கோட்டின்மேல் விரலை வைத்து, "அப்ப ஐயா நெலத்த நாந்தான் முழுவடிச்சன்" என்று சொல்லி, முதல்முறையாகச் சற்றுச் சிரித்தார்.

பிறகு கேட்டார்: "சட்ட இருக்குதுங்களா?"

இருந்தது. என் பெட்டியில், அவர் கட்டிய வாழைநார்கூட அவிழாமல்.

நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து புதிதாகத் தொடங்கினோம். நான் கருவிக்குப் பின்னால். அவர் நூற்றைம்பது அடி தொலைவில், கழுத்துப் பொத்தான் போட்ட காக்கிச் சட்டையில், தலைகீழாக. கண்ணை வைத்து அளவைப் படிக்கப் போனேன். அப்போது அவர் கோலை இரண்டு விரற்கடை தரையிலிருந்து தூக்கினார். மற்றக் கையை அதன் அடியில் நுழைத்து, உள்ளங்கையை விரித்து, என் பக்கம் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. பிறகு தன் பாதங்களை ஓரடி விலக்கி வைத்து, கோலை மெல்லத் தரையில் நிறுத்தினார்.

அடுத்த இடத்திலும் அப்படியே செய்தார். அதற்கடுத்த இடத்திலும்.

நண்பகலில் அவரருகே போய், "அதெல்லாம் வேண்டாம்ங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்மா" என்றார். குரலில் குத்தல் இல்லை. என்னைத் தண்டிக்கவேண்டும் என்று அவர் நினைத்ததாக எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. லெவல் புத்தகத்தில் அழிப்பான் கூடாது என்பதுபோல, வேலையில் இதுவும் ஒரு முறை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

முளைகள் புங்க மரத்துக்குக் கீழே இறங்கின. நிலக்காரர் வந்து பார்த்து, "ஆங், இப்பதான் தண்ணிக்கு புத்தி வந்துச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அணை பிறகு கட்டப்படவில்லை. எங்கள் அறிக்கையைப் படித்தவர்கள் வேறிடம் தேர்ந்தெடுத்தார்கள். என் வேலை மூன்று மாதம் தாமதமாக உறுதியானது. அவர் வேலையும் உறுதியானது. அதன் பின் ஒன்பது ஆண்டுகள், குந்தாரப்பள்ளிச் சந்தை மேட்டில் தொடங்கி எத்தனையோ ஊர்களில், என் கருவிக்கு எதிரே அவரே நின்றார். எங்கு போனாலும், குறி வைப்பதற்கு முன் அந்த ஊரில் யாரையாவது கேட்டுவிட்டு வரும்படி நான் அவரைத்தான் அனுப்புவேன்.

ஒன்பது ஆண்டுகளும் ஒவ்வொரு முறை கோலை நிறுத்துமுன் அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வேண்டாம் என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். அந்தக் கவிழ்ந்த வட்டத்துக்குள் அந்தக் கை விரிந்து மூடும்வரை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காத்திருப்பேன். அதன் பிறகே எண்ணைப் படிப்பேன்.